ஒரு வாய் சர்க்கரைக்கு யாரிடம் அனுமதி கேட்பது?
வளரிளம் பருவத்து நீடித்த நோயும் பள்ளிக்கூடமும்

ஓர் ஆசிரியரின் நினைவாக அவருடைய மாணவர்கள் கூடி நிறுவிய அறக்கட்டளை இது. கேட்க வந்திருப்பவர்களிலும் பெரும்பாலோர் ஆசிரியர்கள். ஆகவே குழந்தைகள் மருத்துவனாகிய நான் மருத்துவமனைக்குள் நடப்பதைக் குறைத்துக்கொண்டு, காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை நடப்பதைப் பேசலாம் என்றிருக்கிறேன். அந்த ஏழு மணி நேரம் எங்கள் கண்ணில் படுவதே இல்லை. உங்கள் கண்முன்னால்தான் நடக்கிறது.

வளரிளம் பருவத்துப் பிள்ளைகளோடு தங்கிவிடும் நோய்கள் பல. ஆஸ்துமா, வலிப்பு, தலசீமியா, வாதக் காய்ச்சலால் பழுதான இதயம். எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போனால் எதுவும் மனத்தில் தங்காது. நான் முதல் வகைச் சர்க்கரை நோயை எடுத்துக்கொள்கிறேன். நடுவே ஒருமுறை, அரிவாள் செல் நோயைப் பார்க்க, நீலகிரிக்குப் போய்வருவேன்.

1922 ஜனவரி 11ஆம் நாள், டொரண்டோ பொது மருத்துவமனையில், உலகில் முதன்முதலாக இந்த நோய்க்கு இன்சுலின் சிகிச்சை பெற்ற நோயாளியின் பெயர் லியோனார்ட் தாம்ப்சன். வயது 14. அன்று போட்ட ஊசி அவ்வளவாகப் பலிக்கவில்லை. ஜேம்ஸ் காலிப் மருந்தைத் தூய்மைப்படுத்திக் கொடுத்தபின் ஜனவரி 23இல் போட்டதுதான் வேலை செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பாண்டிங்கிடம் சிகிச்சைக்கு வந்த எலிசபெத் ஹியூஸ், அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள். பதினைந்தாவது பிறந்தநாளுக்கு இன்னும் சில நாள்களே இருந்தன. இன்சுலின் இல்லாத காலத்தில் இந்த நோய்க்கு இருந்த ஒரே வழி பட்டினி போட்டு நாளைத் தள்ளுவது. அப்படித் தள்ளியதில் அந்தப் பெண்ணின் எடை 20 கிலோ அளவுக்கு வந்திருந்தது. இன்சுலின் ஏறியதும் உடம்பு தேறியது. பள்ளிக்குத் திரும்பினார், 1929இல் நியூயார்க்கின் பர்னார்டு கல்லூரியில் பட்டம் வாங்கினார், மணம் முடித்தார், பிள்ளைகள் பெற்றார், 1981 வரை வாழ்ந்தார். ஆனால் தனக்கு இந்த நோய் இருப்பதை வாழ்நாள் முழுதும் வெளியுலகுக்கு மறைத்தே வைத்திருந்தார்.

இன்சுலின் வரலாற்றை வெற்றிக் கதையாகச் சொல்லும்போது இந்தக் கடைசிச் செய்தியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கோ அதுதான் உறுத்துகிறது. பணமும் செல்வாக்கும் படிப்பும் இருந்த வீட்டுப் பெண், உயிர் பிழைத்த செய்தியை ஏன் ஒளிக்க வேண்டும்? நூறாண்டு கழித்து எங்கள் ஓ.பி.க்கு வரும் பிள்ளைகளும் அதையே செய்கிறார்கள். வெட்கம், அறியாமை, கல்யாணம் நின்றுபோகும் என்ற பயம் என்று காரணம் சொல்வது எளிது. பொய்யுமில்லை. ஆனால் அவற்றுக்கு முன்னால் ஒன்று இருக்கிறது. நோயுள்ள பிள்ளை பள்ளியில் ஒவ்வொரு சின்னத் தேவைக்கும் எழுந்து நின்று அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. எழுந்து நின்று கேட்பது மிகமிகக் கடினமாகத் தோன்றும் வயதும் அதுவே. கேட்காமல் சமாளிக்க ஒரே வழி மறைப்பது. நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். இதை விரித்துச் சொல்கிறேன்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுவதால் வருவது முதல் வகை. மிட்டாய் தின்றதால் வந்ததல்ல, வளர்ப்பினால் வந்ததுமல்ல. புதிதாகக் கண்டறியப்படுவோர் மிகுதியாக இருப்பது 10 முதல் 14 வயதுக்குள், அதாவது ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் இடையில். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, 20 வயதுக்குட்பட்டோரில் இந்த நோய் உள்ளவர்கள் உலகிலேயே மிகுதியாக இருப்பது இந்தியாவில்: சுமார் 2.3 லட்சம் பேர். பருவமடையும்போது சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைக் கெடுக்கும். அதுவரை நாளுக்கு, ஒரு கிலோ எடைக்கு, ஒரு யூனிட்டுக்குள் அடங்கிய இன்சுலின் தேவை ஒன்றரை வரைகூடப் போகும். அதே உணவு, அதே ஊசி, ஆனால் சர்க்கரை எகிறிக்கொண்டே இருக்கும். "நீ ஒழுங்கா இல்லை" என்று வீட்டில் திட்டுவார்கள், நாங்களும் திட்டுவோம். உண்மையில் அந்த வயதில் உடம்பே ஒழுங்காக இருப்பதில்லை.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த பலரைச் சேர்த்துத்தான் இந்த ஒருத்தியைச் சொல்கிறேன். காலையில் வீட்டில் ஊசி போட்டுக்கொண்டு இட்லி சாப்பிட்டு வருகிறாள். பிரேயரில் வெயிலில் நிற்கிறாள். அன்று இரண்டாம் பீரியட் பி.டி., நன்றாக ஓடியிருக்கிறாள். மூன்றாம் பீரியடில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்குகிறது. கை நடுங்குகிறது, சட்டை வியர்த்து ஒட்டுகிறது, கரும்பலகையில் இருப்பது பிடிபடவில்லை. கணக்கு சார் கேள்வி கேட்கிறார். அவள் விழிக்கிறாள். "எந்த உலகத்துல இருக்க?" என்கிறார். வகுப்பு சிரிக்கிறது. பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறது. எடுத்து வாயில் போட்டால் கால் மணி நேரத்தில் சரியாகிவிடும். ஆனால் வகுப்பில் தின்னக் கூடாது என்பது விதி. விதியைத் தாண்ட அனுமதி வேண்டும். அனுமதி கேட்க எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் அறுபது பேர் பார்ப்பார்கள். மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம், தாங்கிவிடலாம் என்று முடிவெடுக்கிறாள்.

இந்த முடிவை எடுத்தது சர்க்கரை குறைந்துபோன மூளை. உதவி கேட்க வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டிய உறுப்புதான் அந்த நேரத்தில் பட்டினி கிடக்கிறது. சர்க்கரை இறங்கினால், அதாவது லோ ஆனால், கேட்கட்டும், நாங்கள் என்ன தர மாட்டோம் என்றா சொல்கிறோம் என்று ஆசிரியர்கள் என்னிடம் மனமாரச் சொல்வதுண்டு. நல்ல மனம்தான். ஆனால் அந்த நிமிடத்தில் கேட்கும் திறன் பிள்ளையிடம் இருக்காது. அனுமதி அதற்கு முன்பே, ஆண்டுத் தொடக்கத்திலேயே, நிரந்தரமாகக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

இங்கே ஆசிரியர் அறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த நோயைப் புரிந்துகொள்ள நமக்குள்ள பெரிய தடை சர்க்கரை நோயைப் பற்றி நமக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பது. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்றது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் இரண்டாம் வகை. ஆசிரியர் அறையில் நான்கு பேராவது மாத்திரை போடுகிறவர்களாக இருப்பார்கள். சர்க்கரை என்றால் இனிப்பைத் தொடக் கூடாது, நடக்க வேண்டும், பாகற்காய் சாப்பிட வேண்டும் என்பது அவர்கள் சொந்த உடம்பில் கற்ற பாடம். அந்தப் பாடத்தோடு ஒரு பிள்ளை வாயில் சாக்லேட் போடுவதைப் பார்த்தால், "சுகர் இருக்குற புள்ள இத திங்கலாமா?" என்று அன்போடு பிடுங்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் பிடுங்கக் கூடாத ஒரே பொருள் அதுதான். இன்னும் ஆபத்தானது, ஊசியை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடித்துப் பார் என்னும் அறிவுரை. இரண்டாம் வகைக்காரர் மாத்திரையை ஒரு வாரம் மறந்தால் சர்க்கரை ஏறும், அவ்வளவுதான். முதல் வகைப் பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாள்களிலேயே இரத்தம் அமிலமாகி உயிர் போகும். இது மிகைப்படுத்தல் அல்ல. அப்படி மயங்கிய நிலையில் தூக்கி வரப்படும் பிள்ளைகளை இன்றும் பார்க்கிறோம்.

லோ ஆனால் என்ன கொடுப்பது என்று பலருக்கும் குழப்பம். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். சுமார் 15 கிராம். பதினைந்து நிமிடம் பாருங்கள், தெளியாவிட்டால் இன்னொரு முறை. கடலை மிட்டாய் நல்ல தின்பண்டம்தான், ஆனால் இதற்கு ஆகாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், 108ஐ அழையுங்கள்.

மதியத்துக்கு வருவோம். உணவுக்கு முன் ஓர் ஊசி போட வேண்டும். எங்கே? அரசுப் பள்ளியில் அதற்கென்று இடம் கிடையாது. வகுப்பறையில் போட்டால் கூட்டம் கூடும். ஆசிரியர் அறைக்குள் போகக் கூச்சம். மிச்சமிருப்பது கழிப்பறை. ஊசி போடுவதற்கு அதைவிட மோசமான இடம் பள்ளி வளாகத்திலேயே இல்லை. பல பிள்ளைகள் மதிய ஊசியைத் தாண்டிவிடுகிறார்கள். மருத்துவர்களாகிய நாங்களும் இதற்கு ஒத்துப்போகிறோம். நாளுக்கு நான்கு ஊசி என்னும் நல்ல முறையை விட்டுவிட்டு, காலையும் இரவும் மட்டும் போடும் கலவை இன்சுலினை எழுதிக் கொடுக்கிறோம். மலிவு என்பது ஒரு காரணம்; பள்ளியில் ஊசி வேண்டாம் என்பது இன்னொரு காரணம். ஆனால் காலையில் போட்ட கலவை மருந்து மதியம் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் வேலை செய்யத் தொடங்கிவிடும். ஆண்டுவிழா ஒத்திகை, சிறப்பு வகுப்பு, அதிகாரி வருகை என்று சாப்பாடு முக்கால் மணி நேரம் தள்ளிப்போனால் அது காத்திருக்காது. பள்ளியின் வசதிக்காக மருத்துவத்தை வளைத்தோம், அதன் விளைவும் பள்ளியிலேயே வந்து விழுகிறது.

சத்துணவு இவர்களுக்கு ஆகாது என்று நினைக்கிற பெற்றோர் உண்டு. எனக்கு நேர்மாறான கருத்து. இன்சுலின் அளவைக் கணக்கிட, தட்டில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது என்று தெரிய வேண்டும். வீட்டுச் சாப்பாட்டில் அது நாளுக்கொரு விதம். சத்துணவில் தானிய அளவு வரையறுக்கப்பட்டது: தொடக்கப் பள்ளியில் 100 கிராம், நடுநிலை வகுப்புகளில் 150 கிராம். 150 கிராம் அரிசியில் மாவுச்சத்து ஏறக்குறைய 115 கிராம். திங்கட்கிழமை என்ன, செவ்வாய்க்கிழமை என்ன என்று பட்டியல் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. கணக்குப் போட இதைவிடத் தோதான சாப்பாடு ஊரில் வேறெங்கும் கிடையாது. சத்துணவு அமைப்பாளரோடு ஒருமுறை உட்கார்ந்து கரண்டிக் கணக்கைப் பேசினால் போதும். நான் அறிந்தவரை இதைச் செய்கிற மருத்துவர்கள் குறைவு.

சர்க்கரை ஏறியிருக்கும் நாளில் நாக்கு வறளும், அடிக்கடி சிறுநீர் வரும். முதல் அறிகுறியே அதுதான். நோய் கண்டறியப்படுவதற்கு முன்பு, ஒரு பீரியடில் இரண்டு முறை பாத்ரூம் போகக் கேட்டதற்காக வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். இப்படி அடிக்கடி கேட்கும் பிள்ளையை அடக்குவதற்குப் பதில் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பும் ஆசிரியர் ஓர் உயிரைக் காப்பாற்றியவராகிறார். பள்ளிக் கழிப்பறையின் நிலைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத பெண் பிள்ளைகள் நம் பள்ளிகளில் ஏராளம். மற்றப் பிள்ளைகளுக்கு அது துன்பம், இவளுக்கு ஆபத்து.

தண்ணீர் குடிக்காமல் இருப்பது இன்னொரு நோயில் என்ன செய்யும் என்று பார்க்க நீலகிரிக்குப் போவோம். 1952இல் லேமன், கட்புஷ் என்னும் இரண்டு ஆய்வாளர்கள், இந்தியாவில் முதன்முதலாக அரிவாள் செல் மரபுக்கூறை நீலகிரிப் பழங்குடிகளிடையே கண்டறிந்து வெளியிட்டார்கள். எழுபதாண்டு கழித்து 2023 ஜூலையில் ஒன்றிய அரசு 2047க்குள் அரிவாள் செல் நோயை ஒழிப்போம் என்று ஓர் இயக்கம் தொடங்கி, 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. பரிசோதனை நல்லது. ஆனால் நோயிருக்கிறது என்று அட்டை கொடுத்தபின் அந்தப் பிள்ளை மறுநாள் காலை எங்கே போகிறது? பள்ளிக்கு, பெரும்பாலும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிக்கு. இரத்தச் சிவப்பணுக்கள் வளைந்து விறைத்துக் குழாய்களை அடைப்பதால் வருவது இந்த நோயின் வலி. நீர் வற்றினால் வரும், குளிரில் நனைந்தால் வரும், மூச்சிறைக்க ஓடினால் வரும். ஆகவே நாள் முழுதும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதோடு, இந்த நோயில் சிறுநீரகம் சிறுநீரைச் சுண்டச் செய்யும் திறனை இழந்துவிடும். குடித்ததெல்லாம் அப்படியே இறங்கும், இரவிலும். பன்னிரண்டு வயதுப் பையன் விடுதிப் பாயை நனைக்கிறான். நண்பர்கள் கேலி செய்கிறார்கள். சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காதே என்று விடுதியில் கண்டிக்கிறார்கள். அவனும் குடிப்பதை நிறுத்துகிறான். மலைக்குளிரில், தண்ணீரில்லாமல், விடியற்காலையில் எலும்பில் வலி தொடங்குகிறது. வெளியே வீக்கமில்லை, காய்ச்சலில்லை. "படிக்கப் பயந்து நடிக்கிறான்" என்கிறார்கள். வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பிறகு அவன் திரும்பி வருவதில்லை. பழங்குடிப் பிள்ளைகளின் இடைநிற்றலுக்கு நாம் அடுக்கும் காரணங்களில் வறுமை உண்டு, மொழி உண்டு, தொலைவு உண்டு. நனைந்த பாய் இருப்பதாக நான் பார்த்ததில்லை.

இனி வருகைப் பதிவேடு. அதற்குத் தெரிந்தது இரண்டே குறி: வந்தான், வரவில்லை. நீடித்த நோயுள்ள பிள்ளையோ வந்தும் நோயோடு இருக்கிறது, வராதபோதும் படுக்கையில் கிடப்பதில்லை. சி.பி.எஸ்.இ. விதிகளைப் பாருங்கள். 75 விழுக்காடு வருகை வேண்டும். மருத்துவக் காரணத்துக்காகத் தளர்வு உண்டு. 60 விழுக்காட்டுக்கும் கீழே போனால், புற்றுநோய், எய்ட்ஸ், காசநோய் போன்று நீண்டநாள் மருத்துவமனையில் தங்க வேண்டிய நோய்களுக்கு மட்டும் விலக்கு. விதி எழுதியவர் மனத்தில் நோய் என்றால் படுத்துக் கிடப்பது. தலசீமியாப் பிள்ளை அப்படிக் கிடக்காது. இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றிக்கொள்ளப் போகும். கல்வியாண்டுக்குப் பதினைந்து நாள் என்று வைத்துக்கொண்டாலும் வருகை 90க்கு மேல் நிற்கும். விதியின் கண்ணில் ஒரு குறையுமில்லை. ஆனால் பதினைந்து நாள் பாடங்கள் தொடர்பறுந்து போயிருக்கும். ஒவ்வொன்றுக்கும் யாரிடமாவது நோட்டைக் கேட்டு வாங்க வேண்டும். மறுபடியும் கேட்பது. சில பள்ளிகளில் ஒரு நாள்கூட விடுப்பெடுக்காத மாணவருக்கு ஆண்டுவிழாவில் பரிசு கொடுக்கிறார்கள். அதை நிறுத்திவிடலாம். காய்ச்சலோடு வந்து பத்துப் பேருக்குப் பரப்பிய பிள்ளைக்கும் அதே பரிசுதான் கிடைக்கிறது.

நோய் படிப்பைக் கெடுக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள். ஸ்வீடன் நாட்டுப் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் முதல் வகைச் சர்க்கரை உள்ள பிள்ளைகளின் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் சற்றே குறைந்திருந்தது. 2019இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஆய்வு, ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் வாசிப்பு, கணக்குத் தேர்வுகளைப் பார்த்து, நோயுள்ள சுமார் 2,000 பேருக்கும் மற்றவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை என்றது. இரண்டும் பணமும் ஏற்பாடும் உள்ள நாடுகள். அங்கேயே இழப்பு ஒன்றுமில்லை அல்லது சொற்பம். நம் பிள்ளைகள் பின்தங்கினால் கணையத்தின் மேல் முழுப் பழியையும் போட முடியாது என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

சட்டம் என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் உண்டு. தலசீமியாவும் ஹீமோபிலியாவும் அரிவாள் செல் நோயும் அதில் சேர்ந்துவிட்டன. முதல் வகைச் சர்க்கரை இல்லை. சேர்க்க வேண்டும் என்று பெற்றோர் சிலர் கோருகிறார்கள். அவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் சான்றிதழை அவ்வளவாக நம்பவும் இல்லை. சான்றிதழ் கல்லூரிச் சேர்க்கையில் உதவும், மூன்றாம் பீரியடில் உதவாது. அதோடு, மகளுக்கு நோயிருப்பதை ஒன்றுவிட்ட அக்காவிடம்கூடச் சொல்லாத குடும்பம் அந்தச் சான்றிதழை வாங்கவே வராது.

பயனுள்ளதாக எனக்குப் படுவது வேறு வகை உத்தரவுகள். 2017இல் சி.பி.எஸ்.இ. இந்த நோயுள்ள மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குச் சர்க்கரை மாத்திரை, வாழைப்பழம், ஆப்பிள், தண்ணீர் போன்றவற்றைக் கொண்டுவரலாம் என்றது. 2023இல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், வகுப்பறையில் சர்க்கரை பார்க்கவும் ஊசி போடவும் இடைத்தீனி தின்னவும் அனுமதிக்கும்படி எழுதியது. உத்தரப் பிரதேச அரசு அதையொட்டிப் பள்ளிகளுக்கு ஆணையே பிறப்பித்தது. இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவத் தேவையுள்ள மாணவருக்கு ஏற்பாடு செய்வதைப் பள்ளி நிர்வாகத்தின் கடமையாகவே ஆக்கியது. அங்கே தேவைப்படும் பிள்ளைக்கு ஓர் எழுத்துத் திட்டம் போடச் சொல்கிறார்கள். அறிகுறி என்ன, என்ன செய்வது, யாரை அழைப்பது, பிள்ளை எதைக் கேட்காமலே செய்துகொள்ளலாம். ஒரு பக்கத் தாள்தான். ஆணை வரும்வரை காத்திருக்காமல் நம் தலைமையாசிரியர் எவரும் ஜூன் மாதத்திலேயே இதை எழுதி வைக்கலாம். மருத்துவர் கையெழுத்து வேண்டுமென்றால் நாங்கள் போடுகிறோம். ஆசிரியர் அறையில் ஒரு மூலையும் திரையும் போதும், ஊசிக்கு. குளிர்ப்பெட்டி இல்லாத பள்ளியில் இன்சுலின் குப்பியை ஈர மணலுக்கு நடுவே வைத்த மண்பானையில் வைக்கலாம். வெயில் காலத்திலும் தாங்கும்.

வகுப்பில் எல்லோருக்கும் அறிவித்துவிடலாமா என்று கேட்பார்கள். பிள்ளையைக் கேளுங்கள். சிலர் அறிவித்தால் நிம்மதியாகிறார்கள், சிலர் உயிரே போனாலும் வேண்டாம் என்கிறார்கள். பதினான்கு வயதில் தன்னைப் பற்றி யாருக்குத் தெரிய வேண்டும் என்று தீர்மானிப்பது வளர்வதன் ஒரு பகுதி. ஆசிரியர்களுக்கும் ஒரு தோழிக்கும் மட்டும் தெரிந்தால்கூடப் போதும்.

கடைசியாக எங்கள் தரப்பு. பள்ளியை மட்டும் குறை சொல்லிவிட்டு இறங்கினால் நியாயமாகாது. பல அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவு 12 வயதோடு முடிகிறது. ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ இந்தப் பிள்ளைகள் பெரியவர்களின் சர்க்கரை ஓ.பி.க்குத் தள்ளப்படுகிறார்கள். அங்கே வரிசையில் முன்னும் பின்னும் கால் புண்ணோடும் கண் கட்டோடும் நிற்கிற முதியவர்கள். தன் எதிர்காலம் இதுதான் என்று ஒரு பெண் அங்கேயே முடிவு கட்டிக்கொண்டு போகிறாள். அந்த ஓ.பி.யும் வார நாள் முற்பகலில் நடக்கிறது. மாதம் ஒரு நாள் இன்சுலின் வாங்குவதற்கென்றே விடுப்பு. சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வை என்று சொல்லும் நாங்களே மாதாமாதம் அவளைப் பள்ளியிலிருந்து வெளியே இழுக்கிறோம்.

வளரிளம் பருவத்தினருக்கென்று தனியாக, சனிக்கிழமையில், ஒரு மணி நேர ஓ.பி. வைத்தால் போதும். நிலை சீராக உள்ளவர்களுக்கு இரண்டு மாத மருந்தைச் சேர்த்தே கொடுக்கலாம். இதை நலவாழ்வுத் துறையிடம் எழுத்தில் கேட்கும்போது பள்ளிக் கல்வித் துறையிலிருந்தும் ஒரு கடிதம் சேர்ந்து போனால் வலு கூடும். அதற்காகத்தான் ஆசிரியர்கள் நிறைந்த இந்த அவையைத் தேர்ந்தெடுத்துப் பேசினேன். வரைவு ஒன்று கையோடு கொண்டுவந்திருக்கிறேன். திருத்த விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் திருத்தலாம். இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.